கரியரிலிருந்து சீற்றுக்கு

1

சென்ற மாதம் என்னுடைய சைக்கிள் நான் இல்லாமல் கால்வாய்க்குள் போனது. பாலத்தில் ஏறத் தொடங்கியதும் வேகம் குறைந்தது. வேகம் குறைந்ததும் நான் இடப்பக்கமாகக் குதித்து இறங்கினேன். வடிவான குதிப்பு. பாவாடைகூடக் கசங்கவில்லை. ஆனால் ஓட்டுகிறவளே குதித்துவிட்டால் சைக்கிள் யாரை நம்பி நிற்பது? அது வலப்பக்கம் திரும்பி, புல்சரிவில் உருண்டு, இரண்டு வாத்துகளை விலக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது. கடைசியாகத் தெரிந்தது பெல்.

மாநகரசபைக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை டச்சில் ஒரு பெண்ணோடு கதைத்தேன்.

“சைக்கிள் எப்படி விழுந்தது?”

“தானாக.”

“யாராவது தள்ளிவிட்டார்களா?”

“இல்லை. நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.”

“அப்படியென்றால் நீங்களும் விழுந்தீர்களா?”

“இல்லை. நான் அதற்கு முதலே இறங்கிவிட்டேன்.”

“ஓடுகிற சைக்கிளிலிருந்தா?”

“ஆம்.”

அவர் எதையோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, வீட்டில் என்னோடு வேறு யாராவது இருக்கிறார்களா என்று மிகக் கனிவாகக் கேட்டார்.

அடுத்த வாரம் இரும்புக் கொடுக்கு வைத்த படகு ஒன்று வந்தது. ஊரில் மயிலிட்டிக் கடற்கரையில் வலை இழுப்பதை நான் பார்த்திருக்கிறேன். வலை மேலே வரவர என்ன மீன் என்று எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். இங்கேயும் அப்படித்தான் ஒரு சின்னக் கூட்டம் கூடியது. முதலில் யாருடையதோ துருப்பிடித்த சைக்கிள் வந்தது. பிறகு ஒன்று, பிறகு கைப்பிடி மட்டும், அதற்குப் பிறகு என்னுடையது, பாசி மாலையோடு. கூட்டம் கைதட்டியது. நான் குனிந்து வணக்கம் சொன்னேன்.

2

நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்ற நகரத்துக்கு வந்து எனக்கு மூன்று வருடமாகிறது. நிலத்தடி நீரைப் பற்றிப் படிக்க வந்தேன். இப்போது ஊருக்கு வெளியே ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை. சொந்த ஊர் பண்டத்தரிப்பு. போன வருடம்வரை எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திச் சிரிக்கலாம். எங்கள் ஊரில் ஐயர் ஓட்டுவார், அதிபர் ஓட்டுவார், வாழைக்குலை மூன்றைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர் ஒரு கையால் ஓட்டி மறுகையால் தொலைபேசியில் விலை பேசுவார். பெண்பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாகக் கொக்குக் கூட்டம்போலப் போவார்கள். அந்தக் கூட்டத்தில் ஓட்டத் தெரியாத ஒரே கொக்கு நான்.

இங்கே, புதிதாகக் குடியேறிய பெண்களுக்குச் சைக்கிள் பழக்குகிற வகுப்பு ஒன்று இருக்கிறது. பதியப் போனபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“உங்கள் நாட்டில் பெண்கள் ஓட்டக்கூடாதா?”

“இல்லை, எல்லோரும் ஓட்டுவார்கள். நான் மட்டும்தான் ஓட்டுவதில்லை.”

அவர் நம்பவில்லை. நான் ஏதோ கொடுமையை மறைக்கிறேன் என்று நினைத்து என் கையைத் தட்டிக்கொடுத்தார். அந்த அன்பைக் கெடுக்க மனமில்லாமல் வந்துவிட்டேன்.

உண்மைக் காரணம் மிகச் சின்னது. பத்து வயதில் அப்பாவின் ஆம்பிளைச் சைக்கிளில், குறுக்குப் பாருக்குக் கீழால் காலை விட்டு உழக்கிப் பழகினேன். ஒழுங்கை முடிவில் திருப்ப மறந்து கிளுவை வேலிக்குள் போனேன். முழங்காலில் தையல். அம்மா சைக்கிளைப் பூட்டித் திறப்பை எடுத்து வைத்துவிட்டார். அப்போதுதான் ஒழுங்கைக்கு எதிர்வீட்டுத் துசா தன்னுடைய புதுச் சைக்கிளோடு வாசலில் வந்து நின்றாள்.

“ஏறடி மயூ பின்னாலை. நாளைக்குப் பழகலாம்.”

அந்த ‘நாளைக்கு’ உயர்தரப் பரீட்சை முடியும்வரை வரவில்லை.

3

கரியரில் இருப்பதைச் சும்மா இருப்பது என்று நினைக்கிறவர்கள் ஒருநாளும் கரியரில் இருந்ததில்லை. அதற்கும் ஒழுங்குகள் இருக்கின்றன. சைக்கிள் நகரத் தொடங்கிய பிறகுதான் கூட ஓடிப்போய் ஏறவேண்டும், நின்ற சைக்கிளில் ஏறினால் முன்னுக்கு இருப்பவளுக்கு உழக்கக் கஷ்டம். இரண்டு காலும் இடப்பக்கம். திருப்பத்தில் உடம்பை அவளோடு சேர்த்துச் சாய்க்கவேண்டும், அவளைவிடக் கூடச் சாய்க்கக்கூடாது. ரீச்சர் எதிரே வந்தால் அவள் பிரேக் பிடிக்க முதலே நான் இறங்கி நிற்கவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது: சைக்கிள் மெதுவானால் சொல்லாமல் குதிக்கவேண்டும். மதகடி ஏற்றம், மணல், எதிர்க்காற்று எதுவானாலும் பின்னால் இருப்பவள் பாரம். பாரம் தானாக இறங்கி, பின்னால் தள்ளிக்கொண்டு ஓடி, வேகம் வந்ததும் மறுபடி ஏறவேண்டும். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் சண்டிலிப்பாய் வயல்வெளியைத் தாண்ட நான் எத்தனை தரம் குதித்து ஏறியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. காலுக்குத் தெரியும்.

இன்னொரு வேலையும் இருந்தது. துசா றோட்டைப் பார்த்து ஓட்டுவாள். நான் பக்கத்தைப் பார்த்துச் சொல்வேன். பின்னேரம் மானிப்பாய்க்கு ரியூசனுக்குப் போகும்போது ஒருபக்க வீடுகள், திரும்பும்போது மறுபக்க வீடுகள். யார் மதிலுக்கு மஞ்சள் அடிக்கிறார்கள், எந்த வீட்டுக் கொடியில் வெளிநாட்டு உடுப்புக் காய்கிறது, யாருடைய நாய் குட்டி போட்டிருக்கிறது எல்லாம் நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். நான் மூச்சுவிட நிறுத்தினால் முன்னாலிருந்து ஒரு சொல் வரும்.

“பேந்து?”

பிறகு என்ன என்று அவ்வளவு ஆசையாகக் கேட்கிற ஆளை நான் இதுவரை வேறெங்கும் காணவில்லை.

ஒருநாள் ரியூசன் முடிந்து வெளியே வந்தபோது துசாவுக்கு உடம்பு கொதித்தது. காய்ச்சல். சைக்கிள் இருந்தது, றோட்டு இருந்தது, நான் இருந்தேன். அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய ஆள் நான்தான், ஆனால் எனக்கு ஓட்டத் தெரியாது. அவள் கொஞ்சத் தூரம் உழக்கினாள். பிறகு இருவரும் இறங்கி, மாறிமாறிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடுவரை நடந்தோம். அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. “இண்டைக்கு ரெண்டு பக்கத்தையும் நானே பாத்திட்டன், நீ வாயை மூடு” என்று பகிடிதான் விட்டாள். எனக்கு அந்த நடை மறக்கவில்லை.

4

துசா இப்போது யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் தாதி. சைக்கிளை விட்டு ஸ்கூட்டிக்கு மாறிவிட்டாள். இந்த வருடம் அவளுடைய அண்ணைக்கு ஜேர்மனியில் கலியாணம். விசா முதல் தரம் கிடைக்கவில்லை. இவள் திரும்பிப் போவாள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தார்களாம். “என்ரை ஸ்கூட்டி இஞ்சைதானே நிக்குது, அதை விட்டிட்டு நான் அங்கை என்ன செய்யிறது எண்டு எழுதவோ?” என்று கேட்டாள். இரண்டாம் தரம் கிடைத்துவிட்டது. அன்று அவள் அனுப்பிய குரல்பதிவில் சிரிப்பு மட்டும்தான் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. யோசிக்காமல் பதில் அனுப்பினேன்.

“கலியாணம் முடிய ஒருநாள் இஞ்சை வா. ஸ்ரேசனிலை இருந்து உன்னை நான் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போறன்.”

உடனே அழைப்பு வந்தது.

“ஆர், நீ?”

“ஓம், நான்தான்.”

“உனக்கு ஓடத் தெரியுமோ?”

“வகுப்புக்குப் போறன்.”

“எடியே, உண்மையாத்தான் கேக்கிறன். உதிலை என்ரை உயிரும் இருக்கு.”

“நீ வந்து பாரன்.”

“சரி, வாறன். நீ ஏத்தாட்டி ஸ்ரேசனிலை இருந்தே அடுத்த ரயிலிலை திரும்பிப் போயிடுவன், சொல்லிப்போட்டன்.”

அம்மாவுக்கும் செய்தி போய்விட்டது. “இஞ்சை வராதது அங்கை மட்டும் வருமோ?” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “அங்கை கிளுவை வேலி இல்லைத்தானே?” என்றார்.

வேலி இல்லை, அம்மா. கால்வாய் இருக்கிறது.

5

இந்த ஊரைப் பார்க்கிறபோது சிலவேளை எங்கள் வலிகாமம் பக்கத்தை யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவி வைத்ததுபோல இருக்கும். நிலம் அப்படியே தட்டை. மலை கிடையாது, காற்றுத்தான் மலை. எல்லோரும் சைக்கிள். தாய்மார் முன்பெட்டியில் மூன்று பிள்ளைகளை வைத்து ஓட்டுகிறார்கள். ஒரு கையில் குடை, ஒரு கையில் நாய்க்கயிறு, சைக்கிள் தன்பாட்டில் போகிறது. தலைக்கவசம் யாரும் போடுவதில்லை. சைக்கிளுக்கென்று தனிப் பாதை, தனிச் சிவப்பு விளக்கு. ரயில் நிலையத்துக்குக் கீழே சைக்கிள் நிறுத்துமிடம் ஒரு நிலவறைக் கோட்டைபோல விரிந்து கிடக்கிறது. முதல்நாள் என்னுடையதை அங்கே விட்டுவிட்டுத் தேடித்தேடி, கடைசியில் அழுகை வரும் நேரத்தில், கரியரில் கட்டியிருந்த அம்மாவின் பழைய சேலைத் துண்டால் கண்டுபிடித்தேன்.

ஜேர்மனியில் ஒரு சைக்கிளில் இருவராக டபிள் போனால் பொலிஸ் பிடிக்கும் என்று துசாவின் அண்ணை சொல்கிறார். ரொறன்ரோவில் இருக்கிற என் அண்ணை சைக்கிளைக் காருக்குப் பின்னால் கட்டிப் பூங்காவரை கொண்டுபோய், அங்கே ஓட்டிவிட்டு, திரும்பக் காரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிறார். சைக்கிளை ஏற்றிக்கொண்டு போகிற ஊர் அது. அவருடைய மகளுக்கு எட்டு வயது. எனக்கும் அவளுக்கும் பொதுவான தமிழ்ச் சொற்கள் வரவரக் குறைந்துகொண்டே போகின்றன. எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா, அதோடு முடிந்துவிடும். நான் விழுகிற வீடியோக்களை அனுப்பத் தொடங்கிய பிறகுதான் அவளாகவே என்னை அழைக்கத் தொடங்கினாள்.

“மாமி, இண்டைக்கு விழேல்லையா?” முகத்தில் அவ்வளவு ஏமாற்றம்.

“இண்டைக்கு இல்லை, குஞ்சு. நாளைக்குப் பாப்பம்.”

வகுப்பில் எங்களுக்குப் பழக்கியவளின் பெயர் அங்கெ. என் வயதுதான், என்னைவிட வேகமாகக் கதைப்பாள், ஐந்து மாத வயிற்றோடு எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஓட்டுவாள். மற்றப் பெண்கள் மூன்று வகுப்பில் பழகிவிட்டார்கள். எனக்கும் நேர்ப்பாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காற்று எதிர்த்தாலும் பாலம் வந்தாலும் நான் குதிப்பேன். சைக்கிள் என்னை விட்டுப் போகும். பின்னால் வருகிறவர்கள் பெல் அடித்துக்கொண்டு சிதறுவார்கள்.

“எதைக் கண்டு பயப்படுகிறாய்?” என்று கேட்டாள் அங்கெ.

“பயமில்லை. நானாகக் குதிப்பதில்லை, கால் குதிக்கிறது.”

அவளுக்கு விளங்கவில்லை. கால்வாய்ச் சம்பவத்துக்குப் பிறகு, என்னைச் சும்மா விட்டுவிட்டு, ஆளைப் பின்னால் ஏற்றி ஓட்டுவது எப்படி என்று மற்றவர்களுக்குக் காட்டத் தொடங்கினாள். “யாராவது மெல்ல வந்து உட்காருங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்” என்றாள். ஒருவரும் அசையவில்லை. நான் சொன்னேன், “நீ போ.” அவள் உழக்கத் தொடங்கினாள். நான் நாலு எட்டு ஓடி, கரியரில் கையை வைத்து, இரண்டு காலும் இடப்பக்கமாக ஏறி அமர்ந்தேன். சைக்கிள் ஆடவில்லை. திருப்பத்தில் அவளோடு சாய்ந்தேன். மைதானத்தின் மணல் மூலையில் வேகம் குறைந்தது. குதித்தேன், தள்ளினேன், மறுபடி ஏறினேன்.

அங்கெ பிரேக் பிடித்துத் திரும்பிப் பார்த்தாள். இந்த நாட்டுப் பிள்ளைகள்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்யமாட்டார்கள் என்றாள்.

“எங்கே படித்தாய்?”

“பண்டத்தரிப்பில்.”

பிறகு அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “இப்போது விளங்குகிறது. உனக்கு முன்னால் இன்னும் யாரோ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.”

நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சொன்னது அவ்வளவு சரி.

6

பழுதானது காலென்றால் காலுக்குத்தான் வைத்தியம். தமிழ்க் கடையில் ஒரு பெரிய மூட்டை சிவப்புப் பச்சையரிசி வாங்கிக் கரியரில் கட்டினேன். எங்கள் வீட்டில் வளர்ந்த எவரும் தங்களை வேண்டுமென்றால் தண்ணீரில் போடுவார்கள், அரிசியைப் போடமாட்டார்கள். மூட்டைக்குத் துசா என்று பெயர் வைத்தேன்.

ஒவ்வொரு பின்னேரமும் வேலை முடிந்து அரிசியை ஏற்றிக்கொண்டு அதே பாலத்துக்குப் போனேன். ஏற்றம் தொடங்கும். இடக்கால் பெடலை விட்டு எழும்பும். “அரிசி” என்று எனக்கு நானே சொல்வேன். கால் திரும்பப் பெடலுக்கு வரும். முதல்நாள் ஐந்து தரம் “அரிசி” என்றேன். எதிரே வந்த கிழவர் தொப்பியைத் தூக்கிப் பதிலுக்கு ஏதோ சொன்னார், அது இந்த ஊர் வணக்கம் என்று நினைத்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு என்னைக் காண்கிறபோதெல்லாம் அவர்தான் முந்திக்கொண்டு “அரிசி” என்றார்.

துசா வருவதற்கு முதல்வாரம் நான் ஒன்றும் சொல்லாமலே பாலத்தைக் கடந்தேன். அன்றிரவு அந்த மூட்டையைப் பிரித்துச் சோறாக்கிச் சாப்பிட்டேன். குலுங்கிக் குலுங்கி அரிசி பாதி நொறுங்கியிருந்தது. அவ்வளவு ருசி.

7

துசா ரயிலை விட்டு இறங்கியதும் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் சைக்கிளைச் சுற்றி வந்து சில்லை அமத்திப் பார்த்தாள்.

“காத்துக் காணும். பிரேக்?”

“பிடிக்கும்.”

“நீ பிடிப்பியோ?”

அதற்குப் பிறகுதான் கட்டிப்பிடித்தாள். கலியாண மருதாணி இன்னும் கையில் சிவந்திருந்தது.

நான் உழக்கத் தொடங்கினேன். “ஓடிவந்து ஏறு” என்றேன். ஓடி வந்தாள், ஏறத் தெரியவில்லை. சைக்கிளோடு கூடவே ஓடிக்கொண்டு வந்தாள். “நிப்பாட்டடி விசரி.” நிறுத்தினேன். அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது, இவள் வாழ்நாளில் ஒருதரமும் கரியரில் இருந்ததில்லை. கடைசியில் நின்ற சைக்கிளில் ஏறி, ஆம்பிளைகள்போல இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தாள். நான் ஆடி ஆடிப் புறப்பட்டேன்.

அவளைப்போல மோசமான பயணி இந்த நாட்டிலேயே இருக்கமாட்டாள். நான் வலப்பக்கம் திரும்பினால் அவள் இடப்பக்கம் சாய்ந்தாள். எதிரே யார் வந்தாலும் என் தோளை ஹாண்டில்போலப் பிடித்துத் திருப்பினாள்.

“பெல் அடி, பெல் அடி.”

“அவ தூரத்திலையடி வாறா.”

“அடியன், ஒரு மரியாதைக்கு.”

சைக்கிளில் இரண்டு பொலிஸ்காரிகள் எதிரே வந்தார்கள். துசா என் முதுகுக்குள் ஒளிந்தாள். “டபிள் போறம், பொலிஸ். இறக்கிவிடு.”

“இஞ்சை ஒண்டும் செய்யாயினம்.”

அவர்கள் சிரித்துக் கையைக் காட்டிவிட்டுப் போனார்கள். துசா திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் சைக்கிள் புல்லுக்குள் ஏறி இறங்கியது.

பிறகு பாலம் வந்தது. என் சைக்கிளைக் குடித்த அதே பாலம், அன்று எதிர்க்காற்றும் சேர்ந்து. அரிசி மூட்டை இவளில் பாதிப் பாரம்கூட இல்லை.

“மயூ, ஏத்தம் வருது.”

“தெரியும்.”

“குதிச்சிடாதை.”

“நான் குதிக்கமாட்டன். நீ இறங்கு.”

“இது ஓடிக்கொண்டெல்லோ இருக்கு. என்னண்டு இறங்கிறது?”

அவளுக்கு அதுவும் தெரியாது. ஏன் தெரியப்போகிறது? அவள் முன்னால் இருந்த நாளெல்லாம் இறங்கியவள் நான். சைக்கிள் நடக்கிற வேகத்துக்கு வந்தது. அதைவிடவும் குறைந்தது. ஹாண்டில் இரண்டு பக்கமும் ஆடியது. என் இடக்கால் பெடலை விட்டு எழும்பியது. எழும்பிக் காற்றில் நின்றது. நான் குதித்தால் வாத்துகளுக்கு நடுவே போகப்போவது சைக்கிள் மட்டுமில்லை.

பின்னாலிருந்து துசாவின் கை என் சட்டையை இறுக்கிப் பிடித்தது.

கால் பெடலுக்குத் திரும்பியது. எழும்பி நின்று உழக்கினேன். தொடை எரிந்தது, கண்ணில் நீர் வந்தது, காற்றினால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே தொப்பிக் கிழவர் வந்தார். “அரிசி” என்றார். எனக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. பாலத்தின் உச்சி வந்தது. உச்சி என் சில்லுக்குக் கீழே போனது. பிறகு முழு இறக்கம், உழக்கவே தேவையில்லாத இறக்கம், துசா பின்னால் வாய்விட்டுச் சிரிக்கச் சிரிக்க நான் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு பறந்தேன்.

இறக்கம் முடிந்து சமதரைக்கு வந்தோம். அவள் பிடி தளர்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை நான், பார்த்தால் விழுவோம். ஆனால் அவள் இரண்டு காலையும் ஒருபக்கமாக மாற்றிப் போட்டது சைக்கிளில் தெரிந்தது. இப்போது அவள் பக்கத்தைப் பார்த்து இருந்தாள்.

“மயூ.”

“ம்.”

“இந்த வீட்டு யன்னலுக்குத் திரைச்சீலை இல்லை. உள்ளுக்கை ஒரு மனுசன் அயனாலை உடுப்பு மினுக்கிக்கொண்டு நிக்கிறான். கலியாணத்துக்குப் போறான் போலை.”

“ஓ.”

“ரெண்டு ஆடு நிக்குது. ஒண்டு உன்ரை சின்னமாமி மாதிரி எங்களையே பாக்குது.”

எனக்கு அந்த ஆட்டைப் பார்க்க அவ்வளவு ஆசை. ஆனால் முன்னால் ஒரு திருப்பம், எதிரே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு தாய், சைக்கிள் பாதையில் மணல்.

“பேந்து?” என்றேன், றோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.